கடைக் கவுண்டருக்குப் பின்னால் எட்டிப்பார்த்தவர்

மேடையில் அமர்ந்திருக்கும் தொழிலாளர் நலப் பிரிவின் தலைவர் அவர்களே, கடை ஊழியர் சங்கச் செயலாளர் அவர்களே, முன்வரிசையில் இரண்டு மகன்களோடு அமர்ந்திருக்கும் அண்ணி அவர்களே, கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு வந்திருக்கும் விற்பனைத் தோழர்களே, தோழியரே, சீக்கிரம் சாத்த ஒப்புக்கொண்ட முதலாளிமார்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

நம் மாநகரின் தொழிலாளர் ஆய்வாளர், நம் சார், போன வாரம் தூக்கத்திலேயே நம்மை விட்டுப் போய்விட்டார். ஒரே ஜீப்பில் அவரோடு ஆய்வுக்குப் போய்வந்தவள் நான். அழுதுகொண்டேதான் பேசப் போகிறேன் என்று நினைத்து வந்தேன். சாரின் மனைவி, நம் அண்ணி, வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டார். "நீயும் ஆரம்பிச்சிடாதம்மா. அவருக்கு அழுமூஞ்சியே ஆகாது. சிரிக்கிற மாதிரி நாலு வார்த்தை சொல்லு." அண்ணியின் பேச்சை சாரே தட்டியதில்லை. நான் தட்டுவேனா?

ஊர் அவரை எப்படி அழைத்தது? 'எட்டிப்பாத்த சார்'. ஏன் அந்தப் பெயர்? எந்தக் கடைக்குப் போனாலும் கவுண்டருக்கு மேலே இருக்கும் சரக்கைப் பார்க்க மாட்டார். கழுத்தை நீட்டி, கவுண்டருக்குப் பின்னால் உட்கார ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பார். அண்ணி ஒருமுறை என்னிடம் புலம்பினார்: "இவரோட துணிக்கடைக்குப் போகவே கூசுதும்மா. துணியப் பாக்காம உள்ள நிக்கிற பொண்ணுங்க காலையே பாத்துக்கிட்டு இருக்காரு. பாக்குறவங்க என்ன நினைப்பாங்க?"

நின்று வேலை செய்பவருக்கு இருக்கை தர வேண்டும், வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் உட்கார விட வேண்டும் என்று நம் அரசு விதி கொண்டுவந்தது. விதி காகிதத்தில் வந்துவிட்டது. கால்களுக்கு வந்துசேர்ந்ததா?

கடைவீதியில் ஒரு பெரிய துணிக்கடை. நாங்கள் முன்பே தகவல் சொல்லிவிட்டு ஆய்வுக்குப் போன அன்று கவுண்டருக்குக் கவுண்டர் ஸ்டூல். எல்லாப் பெண்களும் பொம்மைக் கொலு போல அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். சார் எட்டிப்பார்த்தார். ஸ்டூல்களின் பிளாஸ்டிக் உறை இன்னும் பிரிக்கப்படவில்லை. ரிப்பன் விற்கும் பெண்ணிடம், "உக்காந்து வேலை செய்ய வசதியா இருக்காம்மா?" என்று கேட்டார். அந்தப் பெண் மேனேஜரைப் பார்த்துவிட்டு, "ரொம்ப வசதி சார்" என்றார்.

சார் தலையாட்டிவிட்டு வெளியே வந்துவிட்டார். எனக்குக் கோபம். "ஏன் சார் அப்படியே விட்டுட்டீங்க?"

"முதலாளி காதுக்கு எட்டுற இடத்துல கேட்டா முதலாளியோட பதில்தாம்மா கிடைக்கும். சாயங்காலம் பஸ் ஸ்டாப்புக்கு வா."

மாலையில் பஸ் ஸ்டாப்பில் அதே பெண், செருப்பைக் கழற்றிவிட்டுப் பாதத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இப்போது அவர் வாயிலிருந்து வேறு பதில் வந்தது. "அந்த ஸ்டூல் உங்களுக்காகப் போட்டது சார். நீங்க தெருமுனை தாண்டுறதுக்குள்ள குடோனுக்குப் போயிடுச்சு. புகார்ல என் பேரையே போட்டுக்குங்க. யாராவது ஒருத்தி சொல்லித்தானே ஆகணும்?"

சொன்னார். வேலை போயிற்று. வாடிக்கையாளரிடம் சிரித்துப் பேசவில்லை என்று காரணம் காட்டினார்கள். அவர் எங்கள் அலுவலகத்துக்கு வந்து, "உங்கள நம்பித்தானே சார் சொன்னேன்" என்று மட்டும் கேட்டார். சார் அன்று மதியச் சாப்பாட்டைத் தொடவில்லை. புகார் சொன்னவரை வேலையை விட்டு நிறுத்துவது தனிக் குற்றம் என்று அதே விதியில் இருக்கிறது. அன்றைக்கே முதலாளிக்கு அழைப்பாணை போயிற்று.

விசாரணை நாள். முதலாளி விறைப்பாக வந்தார். சார் நாற்காலியைக் காட்டினார். "வேண்டாம். நான் நின்னுக்கிட்டே பேசுறேன். நின்னு பழகினவன் நான்." ரிப்பன் விற்ற அந்த அக்கா உட்கார்ந்திருந்தார், நாங்கள் உட்கார்ந்திருந்தோம், முதலாளி நின்றார். ஊழியர் உட்கார்ந்தால் கடைக்கு மரியாதை போய்விடும் என்று நீளமாகப் பேசினார். பேசப் பேச வலது காலிலிருந்து இடது காலுக்கு மாறினார். சுவரில் சாய்ந்தார். மேசையைப் பிடித்துக்கொண்டார். கடைசியில் யாரும் சொல்லாமலே நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

சார் என்ன செய்தார் தெரியுமா? நானாக இருந்தால் சொல்லிக்காட்டியிருப்பேன். அவர் சொல்லிக்காட்டவில்லை. ஒரு சிரிப்புக் கூட இல்லை. தண்ணீர் டம்ளரை அவர் பக்கம் நகர்த்திவிட்டு, "குடிங்க. அவசரமே இல்ல" என்றார்.

முதலாளி தண்ணீரைக் குடித்தார். டம்ளரை மேசையில் வைத்தார். பிறகு ரிப்பன் அக்காவிடம் திரும்பி, "நாளைக்கே வந்துடும்மா" என்றார்.

அக்கா மறுநாள் வேலைக்குத் திரும்பினார். முதல் வாடிக்கையாளர் யார்? நம் சார்தான். அக்கா ஸ்டூலில் உட்கார்ந்தபடியே சிவப்பு ரிப்பனை அளந்து வெட்டிக் கொடுத்தார். பக்கத்துக் கவுண்டர் பெண்கள் கை தட்டினார்கள். சார் வெற்றி வீரராக வீட்டுக்குப் போனார். அண்ணி ரிப்பனைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ரெண்டும் பையனுங்க. ரிப்பன யாரு தலையிலங்க கட்டுறது?"

அந்த ரிப்பன் அக்காதான் இன்று இந்த மேடையில் சங்கச் செயலாளராக அமர்ந்திருக்கிறார். அந்த முதலாளியும் மூன்றாவது வரிசையில் இருக்கிறார். வெட்கப்படாதீர்கள் ஐயா. நீங்கள் வந்ததில் சார் மிகவும் மகிழ்ந்திருப்பார்.

இப்படி ஒரு மனிதரோடு வேலை செய்தோம் என்பதில் வருத்தப்பட என்ன இருக்கிறது? கொண்டாடத்தான் இருக்கிறது. ஆனால் வேலை முடிந்துவிட்டதா? இல்லை. வெயிலில் நாள் முழுக்க நிற்கும் வாயில் காவலர்களைப் பார்க்கத்தான் சார் இந்த வாரம் கிளம்பவிருந்தார். அந்த ஆய்வை நாங்கள் விட மாட்டோம். நாளையே தொடங்குகிறோம். எந்தக் கட்டடம், எத்தனை மணிக்கு என்றெல்லாம் கேட்காதீர்கள். அவையில் கட்டட உரிமையாளர்களும் இருக்கிறீர்கள். சொல்லாமல்தான் வருவோம்.

வணக்கம்.