வடித்துவிட்ட எண்ணெய்

நாற்காலியை ஹீட்டர் பக்கம் இழுத்துப் போட்டுக் கொடுத்தீர்கள், நன்றி. எனக்குக் குளிர் ஆகாது. ஏரிக்கரையில் டைவிங் கடை வைத்திருப்பவன் இப்படிச் சொன்னால் சிரிப்பு வரும், சிரியுங்கள். என் தங்கை புருஷன் இதைச் சொல்லியே ஊரைக் கூட்டிச் சிரித்தவன்தான். அவன் என்றே சொல்கிறேன். மரியாதைக்கு இனி வேலையில்லை.

ரெகுலேட்டர் என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியாது. முகத்திலேயே எழுதி ஒட்டியிருக்கிறது. சிலிண்டரில் அடைத்த காற்றை மூச்சுக்கு ஏற்ற அளவுக்கு இறக்கிக் கொடுக்கிற கருவி அது. அழுத்தம் இறங்கும்போது காற்று கடுமையாகக் குளிரும். ஏரியே உறையப் பார்க்கும் காலத்தில் உள்ளே ஸ்பிரிங்கைத் தண்ணீர் தொட்டால் அங்கேயே பனிக்கட்டிதான். வால்வு மூடாது, காற்றெல்லாம் பீறிட்டு வீணாகிவிடும். அதனால் ஸ்பிரிங்கைச் சுற்றி உறையாத எண்ணெய் விட்டு ரப்பர் மூடி போடுவோம். கரையில் நின்றபடி அதில் மூச்சுவிடக் கூடாது, அந்த ஈரமும் உறையும். ஆளுக்கு இரண்டு ரெகுலேட்டர், சிலிண்டரில் தனித்தனி வால்வில், ஒன்று உறைந்தால் மற்றது. பச்சைப் பிள்ளைக்கும் புரியும்.

அந்த மகானுக்குப் புரியாது. கரையில் நின்று, வந்தவர்கள் எல்லாரும் பார்க்க, புஸ் புஸ்ஸென்று மூச்சிழுத்துக் காட்டுவான். இரண்டாவது ரெகுலேட்டரைக் கழற்றி என் மேசையில் எறிவான்.

"மச்சான், இந்தச் சுமையெல்லாம் உங்கள மாதிரி பயந்தாங்கொள்ளிங்களுக்கு. காது சவ்வு கிழிஞ்சு கரையில உக்காந்தவரு தண்ணியப் பத்திப் பாடம் எடுக்குறாரு பாருங்க."

எல்லோரும் சிரிப்பார்கள். அதைப் பொறுத்துக்கொண்டேன். கூட என் தங்கையும் சிரித்தாளே, அதுதான் வயிற்றெரிச்சல். நான் தூக்கி வளர்த்தவள். அவன் பேச்சைக் கேட்டு அவளும் ஒற்றை ரெகுலேட்டரோடு இறங்கப் பழகிவிட்டாள்.

சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். பட்டால்தான் தெரியும் என்பார்கள். சரி, படட்டும் என்று போன வாரம் சர்வீஸ் செய்யும்போது அவனுடையதில் எண்ணெயை வடித்தேன், மூடியில் ஊசியால் குத்தினேன், பழையபடி மாட்டி வைத்தேன். இரண்டாவதைத் தொடவில்லை. அதையும் கொண்டுபோயிருந்தால் அவனுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அவன் புத்திக்கு ஒரு பரீட்சை, அவ்வளவுதான்.

இன்று காலை அவன் தனியாக இறங்குவதாக இருந்தான். தங்கை டைவிங் உடையோடு வந்து நின்றாள்.

"தனியா இறங்கவே கூடாதுன்னு நீதானே சொல்லுவ, அண்ணா. நானும் கூடப் போறேன்."

போகாதே என்றால் ஏன் என்று கேட்பாள். அவன் பக்கத்தில் நின்று பல்லைக் காட்டிக்கொண்டிருந்தான். அந்தப் பல்லுக்கு எதிரில் நான் என்னவென்று சொல்வது? அவள் ரெகுலேட்டரை வாங்கி மூடி, எண்ணெய், குழாய் எல்லாவற்றையும் சரிபார்த்துக் கொடுத்தேன். "பாத்துப் போம்மா" என்றேன்.

ஆழத்தில் அவனுடையது உறைந்து காற்று கொட்டிவிட்டது. அவள் தன் ரெகுலேட்டரில் ஆபத்துக்கென்று இருக்கிற உபரிக் குழாயை அவன் வாயில் வைத்திருக்கிறாள். அவனே சொன்னது. பயத்தில் மூச்சிரைக்கிற இரண்டு பேர் ஒன்றில் இழுத்தால், எண்ணெய் இருந்தாலும் அதுவும் உறையும். என் வகுப்பில் முதல் பாடமே அதுதான். அவளுக்கும் நான்தான் நடத்தினேன்.

அவன் மேலே வந்துவிட்டான். ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு அவள் பேரைச் சொல்லி அழுகிறானாம். சாகக்கூடத் துப்பில்லாதவன். அவளை மத்தியானம்தான் எடுத்தார்கள்.

எழுதிக்கொள்ளுங்கள். அவன் ரெகுலேட்டரைக் கெடுத்தது நான். நன்றாக யோசித்துத்தான் செய்தேன். என் தங்கையைக் கொன்றது அவன்.