பெரிய மிஸ்ஸுக்குத் தமிழ் கேட்காது

எனக்குக் காது நன்றாகவே கேட்கும். ஐம்பத்தெட்டு வயதாகிறது, கண்ணாடி மாற்றியாயிற்று, முழங்கால் தினமும் தகராறு செய்கிறது, காது மட்டும் அப்படியே இருக்கிறது.

கீரனூரிலிருந்து குன்றாண்டார்கோவில் போகிற சாலையில், மூடிக்கிடந்த ஒரு ரைஸ்மில்லில்தான் 1999-இல் பள்ளியைத் தொடங்கினேன். மெடோவேல் இங்கிலீஷ் நர்சரி பள்ளி. மெடோ என்றால் புல்வெளி. சுற்றிலும் செம்மண்ணும் தைலமரமும்தான், புல்லுக்கு நான் எங்கே போவேன். சீமையில் பெரிய வீட்டுப் பிள்ளைகளைச் சின்ன வயதிலேயே தயார்செய்கிற பள்ளிகளைப் பற்றிப் படித்திருந்தேன். டை, ஷூ, காலைப் பிரேயர், கையைக் கட்டிக்கொண்டு வரிசையில் நடப்பது. கூலிவேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளுக்கும் அது கிடைக்கவேண்டும் என்று ஆசைப்பட்டேன். முதல் வருஷம் பதினொரு பிள்ளைகள் வந்தார்கள்.

நான் யாரையும் அடித்ததில்லை. பிரம்பு என்ற பொருளே எங்கள் பள்ளியில் கிடையாது. இருந்தது ஒரே ஒரு வழக்கம்தான். பள்ளியின் வாசல் கேட்டுக்கு உள்ளே பிள்ளைகள் தமிழில் பேசினால் டீச்சர்களுக்குக் காது கேட்காது. பிள்ளை முகத்தைப் பார்த்துச் சிரித்தபடி நிற்போம். தண்ணீர் கேட்டாலும் சரி, பென்சிலைக் காணோம் என்று அழுதாலும் சரி, இங்கிலீஷில் சொன்ன பிறகுதான் எங்களுக்குக் கேட்கும். சின்னப் பிள்ளைகள் இதை நிஜமென்றே நம்பினார்கள். "பெரிய மிஸ்ஸுக்குத் தமிழ் கேக்காதுடி" என்று புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அவர்களே சொல்லிக்கொடுப்பார்கள். மூன்றே மாதத்தில் பேசிவிடுவார்கள். பெற்றவர்களுக்குத் தலைகால் புரியாது. கறம்பக்குடியிலிருந்து ஒரு குடும்பம் வீட்டையே மாற்றிக்கொண்டு வந்து பிள்ளையைச் சேர்த்தது.

ஆயா மீனம்மாளுக்கு இங்கிலீஷ் தெரியாது. அதனால் கேட்டுக்குள் வாயே திறக்கக் கூடாது என்று சொல்லியிருந்தேன். பதினாறு வருஷம் சைகை காட்டியே பிள்ளைகளுக்குக் கால் கழுவிவிட்டாள், மூக்குச் சிந்திவிட்டாள். பொல்லாத பொறுமைசாலி.

மூன்று வருஷத்துக்கு முன், ஜூலையில் ஒரு வெள்ளிக்கிழமை காலை, திருச்சியில் வேலைபார்க்கும் கணவனும் மனைவியும் தங்கள் இரண்டு பிள்ளைகளைச் சேர்க்க வந்திருந்தார்கள். மீனம்மாளைக் காபி வாங்க அனுப்பிவிட்டு, நான் அவர்களுக்குப் பள்ளியைச் சுற்றிக்காட்டிக்கொண்டிருந்தேன். பின்பக்கக் கழிவறையிலிருந்து யு.கே.ஜி. பிள்ளை இளமதி நொண்டிக்கொண்டே வந்தாள். பள்ளியில் சேர்ந்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. காலைத் தூக்கிக் காட்டி, "மிஸ், என்னமோ கடிச்சிருச்சு மிஸ்" என்றாள்.

நான் சிரித்துக்கொண்டு நின்றேன்.

"எரியுது மிஸ்."

அப்போதும் சிரித்துக்கொண்டுதான் நின்றேன். "இப்பப் பாருங்க, அவளாவே இங்கிலீஷ்ல சொல்லுவா" என்று வந்தவர்களிடம் சொன்னேன். பிள்ளை என் வாயையே பார்த்தாள். வார்த்தையைத் தேடினாள். கடைசியில் தனக்குத் தெரிந்த ஒன்றைச் சொன்னாள். "குட் மார்னிங் மிஸ்."

வந்தவர்கள் கைதட்டினார்கள். நான் "வெரி குட்" என்றேன். இளமதி வகுப்புக்குப் போய் மேசையில் தலைவைத்துப் படுத்துக்கொண்டாள்.

அவள் காலில் இரண்டு புள்ளி இருந்ததைப் பார்த்தேன். அதையும் உங்களிடம் சொல்லிவிடுகிறேன். எறும்பாக இருக்கும் என்று நினைத்ததாக எனக்கு நானே பலமுறை சொல்லிப் பார்த்திருக்கிறேன். எறும்பு கடித்தால் அப்படி இருக்காது. இந்த வட்டாரத்தில் பிறந்தவளுக்கு அது தெரியாதா? வந்தவர்களை அனுப்பிவிட்டுப் பார்ப்போம் என்றிருந்தேன். அட்மிஷன் ஃபாரம் எழுதி முடிக்க ஒன்றரை மணி நேரமாயிற்று. போய் எழுப்பியபோது அவளால் இமையைத் தூக்க முடியவில்லை. பெரியாஸ்பத்திரி டாக்டர், பாம்புக்கடி என்று ஒரு மணி நேரம் முன்னால் தெரிந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றார்.

விசாரிக்க வந்தவர்களிடம், பிள்ளை யாரிடமும் வந்து சொல்லவில்லை என்றேன். ஆயா எங்கே என்று கேட்டார்கள். கடைக்குப் போயிருந்தாள் என்றேன். அனுப்பியது யார் என்று அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அந்தக் கணவனும் மனைவியும் வாய் திறக்கவே இல்லை. கைதட்டியவர்கள் அல்லவா. மீனம்மாள் வேலையை விட்டு நின்றாள். டீக்கடையில் பத்து நிமிஷம் ஊர்க்கதை பேசிவிட்டாளாம், எல்லாம் அதனால்தான் என்று அவளே சொல்லிக்கொண்டு திரிந்தாள். தெருவில் அவளோடு யாரும் முகம்கொடுத்துப் பேசுவதில்லை என்று கேள்விப்பட்டேன். அன்றைக்கெல்லாம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

போன மாதம் அவள் என் வீட்டுக்கு வந்தாள். ஆள் பாதியாகியிருந்தாள்.

"அந்தப் புள்ள ஒருத்தருகிட்டயும் சொல்லலையா மிஸ்?"

"இல்ல மீனம்மா."

"நான் அங்கன இருந்திருந்தா எங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கும். மூணு வருசமாக் கண்ண மூட முடியல. அது ஆத்தா கால்ல விழுந்துட்டு வந்துரணும். தனியாப் போகப் பயமா இருக்கு, கூட வாரீங்களா மிஸ்?"

போனேன். இளமதியின் தாய் சத்யா நூறு நாள் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். மீனம்மாள் அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சத்யா கையிலிருந்த தூக்குச்சட்டியைக் கீழே வைத்தாள். பிறகு குனிந்து தூக்கிவிட்டாள்.

"எந்திரிங்க ஆயாம்மா. பெரிய மிஸ்ஸே ஒங்களுக்காக இம்புட்டுத் தூரம் வந்து நிக்கிறாங்க. அவங்க மொகத்துக்காக விட்டுட்டேன்."

உள்ளே போய் எனக்கு ஒரு நாற்காலி எடுத்துவந்து போட்டாள். அதில் உட்கார்ந்தேன். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். "பெரிய மனசும்மா ஒனக்கு" என்றுதான் வந்தது.

பஸ் ஸ்டாப்பில் மீனம்மாள் என் இரண்டு கையையும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "ஒங்க புண்ணியத்துல இன்னைக்குத்தான் மிஸ் தூங்குவேன்" என்றாள்.

பாவம், அவள் தூங்கட்டும். அவளிடமும் சத்யாவிடமும் நான் உண்மையைச் சொல்லாமல் இருப்பது அதற்காக மட்டும்தான்.