அஞ்சலையம்மா தெரு

— எந்திரிக்க வேணாங்க மரைக்காயரே, சாஞ்சமானிக்கே கேளுங்க. நோட்டீசு அச்சாகி வந்துடுச்சு. ‘பதினாறு வருஷம் நம் ஊருக்கு மேராக (நகரசபைத் தலைவராக) இருந்து குடிநீர் கொண்டுவந்தவரும், ஊர்ச் சரித்திரத்தை எழுதியவருமான ஜனாப் சேக் பரீது மரைக்காயர் அவர்களுக்குப் பாராட்டு விழா.’ எழுத்து பெருசா இருக்கட்டும்னு நான்தான் சொன்னேன்.

— மவுத்தானவனுக்குப் போடுற மாதிரி கறுப்புக் கட்டம் கட்டியிருக்கே, தெட்சிணாமூர்த்தி.

— அச்சாபீசுல அந்தக் கட்டந்தாங்க இருந்துச்சு.

— சரி, விடு. கீழே என்னமோ பொடி எழுத்துல இருக்கு. கண்ணு புடிக்கலை. படி.

— அது... விழாவை ஒட்டி நடக்கற காரியங்க.

— படின்னேன்.

— ‘அஞ்சலையம்மா தெருவுக்கு இனி சேக் பரீது மரைக்காயர் தெரு என்று பெயர் சூட்டப்படும்.’

— யா அல்லாஹ். எந்தத் தெருன்னே?

— அஞ்சலையம்மா தெருங்க. நான் குடியிருக்கற தெரு.

— ஊருல முப்பத்தேழு தெரு இருக்கு. வெள்ளைக்காரத் தொரைங்க பேருல மட்டும் ஒம்போது. பிரெஞ்சுக்காரன் கொடி எறங்கி ரெண்டு வருசம் ஆவப்போவுது, அதுல ஒண்ணு ஆப்புடலையா ஒங்க கமிட்டிக்கு?

— அதெல்லாம் பெரிய தலைவருங்க பேருக்குன்னு எடுத்து வெச்சுட்டாங்க.

— எனக்கு வேணாம். வேணாம்னு எழுது. ஆடியில வாதம் வந்து விழுந்துபோன கை இது, கையெழுத்து வராது. இடது பெருவிரலை உருட்டித் தாரேன்.

— எழுதலாங்க. யார்கிட்ட கொடுக்கறது? தீர்மானம் போட்டு ஒரு மாசமாச்சு. புதுப் போர்டு நேத்தே மாட்டியாச்சு.

— ஒரு மாசமா தெனம் வந்து எனக்குப் பேப்பர் படிச்சுக் காட்டுறே. ஒரு வார்த்தை சொல்லலையே நீ.

— வாய் வரலைங்க.

— பழைய தகடு எங்கே?

— கழட்டறப்பவே ரெண்டா ஒடைஞ்சிடுச்சு. அத்தனை துரு.

— இந்தா பாரு. அவளுக்குன்னு ஒரு சமாதி கெடையாது, புள்ளகுட்டி கெடையாது. கரும்புத் தோட்டத்துக்குன்னு தீவுக்குக் கூலியாப் போன சனங்களைக் கப்பல் வர்ற வரைக்கும் அந்தத் தெருக் கிட்டங்கியிலதான் அடைச்சு வெச்சிருந்தாங்க. வாந்திபேதி வந்துச்சு. காவக்காரன் ஓடினான், டாக்டர் ஓடினான். மலம் அள்ளிட்டிருந்த அஞ்சலை ஓடலை. பதினோரு நாள் அவங்களுக்குக் கஞ்சி ஊத்தியிருக்கா. பன்னெண்டாம் நாள் அவளும் போயிட்டா. ஓடின டாக்டரே திரும்பி வந்து எழுதி வெச்சிருக்கான். பொழைச்சவங்க கப்பல் ஏறுறதுக்கு முன்ன அவ பேரைத் தெருவுக்குச் சொல்லிட்டுப் போனாங்க.

— தெரியுங்க.

— ஒனக்குத் தெரியாம என்ன. என் கோழிக் கிறுக்கலை அச்சுக்குப் படியெடுத்தவனே நீதானே. சரி, அந்தத் தெருக்காரங்களைக் கூட்டிட்டு வா. முத்தையன், தாவூது, இன்னும் பத்துப் பேரு போயி வேணாம்னு நின்னா கமிட்டி என்ன செஞ்சிடும்?

— அவங்க வர மாட்டாங்க மரைக்காயரே.

— நான் கூப்பிட்டேன்னு சொல்லு.

— பேரை மாத்தச் சொல்லி மனு கொடுத்ததே அவங்கதாங்க. நாப்பத்தோரு கையெழுத்து.

— எம்மேல அம்புட்டுப் பிரியமா?

— பிரியமுந்தான். உங்க பேருன்னா ஊருல ஒருத்தரும் எதிர்த்துப் பேச மாட்டாங்கன்னுதான் உங்க பேரைக் கேட்டாங்க.

— யாரு கெளப்பினது இதை? மொதக் கையெழுத்து யாரு போட்டா? ஏன் குனியறே?

— என்னோடதுங்க.

— நீயா.

— எம்பொண்ணு சொர்ணாம்பாளைச் சுரக்குடியிலேருந்து கேட்டு வந்தாங்க. பூ வெக்க நாள் குறிச்சாச்சு. அப்புறம் ஆள் அனுப்பினாங்க. மலம் அள்ளினவ பேருள்ள தெருவுலேருந்து பத்திரிகை வந்தா சாதிசனம் சிரிக்குமாம். எங்க தெருவுல இப்படி நின்னுபோன மூணாவது சம்பந்தங்க இது. பொண்ணு சோத்துல கை வெக்க மாட்டேங்குது. நான் என்னதான் பண்ணட்டும், சொல்லுங்க.

— என்னையக் கேக்குறியா.

— வேற யாரைக் கேக்கறதுங்க?

— எங்க வாப்பா காலத்துலேருந்து அது அஞ்சலையம்மா தெருதான். அங்கேருந்து எத்தனை கல்யாணம் நடந்திருக்கு. ஒருத்தன் மூஞ்சியைச் சுளிச்சதில்லையே. இப்ப மட்டும் சுரக்குடிக்காரனுக்கு என்ன வந்துச்சாம்?

— அப்பல்லாம் யாரோ செட்டியார் வீட்டு ஆச்சி, தண்ணிப்பந்தல் வெச்சவங்கன்னு நெனச்சுட்டிருந்தாங்க.

— இல்லேன்னு எவன் போயி சொன்னான்?

— உங்க புத்தகந்தாங்க. வாசகசாலையில கெடக்கு. நூத்திப் பதினாலாம் பக்கம் மட்டும் கையழுக்குல கறுத்துப் போயிருக்கு.

— நான் அவளைப் பெருமையாத்தானே எழுதினேன்.

— பெருமையாத்தாங்க எழுதினீங்க. படியெடுக்கறப்ப நான் அழுதேன்.

— இன்னும் ஏதாச்சும் சொல்லாம வெச்சிருக்கியா?

— நாளைக்கு அஞ்சு மணிக்குக் கார் அனுப்பறாங்க. மாலை போட்டதும் நானே அழைச்சுட்டு வந்துடறேன். நீங்க ஒண்ணும் பேச வேண்டியதில்லைன்னு சொல்லிட்டாங்க.

— தெட்சிணாமூர்த்தி.

— சொல்லுங்க.

— அந்தப் பக்கத்தை நான் எழுதாம விட்டிருந்தா?

— தெருவுல அந்தம்மா பேரு இருந்திருக்குமுங்க.