பத்து மீட்டருக்குள் வேலாயி

21 நவம்பர் 2023, செவ்வாய். டாலிகஞ்ச்.

இன்று கம்ப்யூட்டர் வகுப்பில் ஒரு தவறு செய்தேன். சிறியதுதான். லேப்டாப்பைப் புரொஜெக்டரில் மாட்டியதும், சுவரை இரண்டாவது திரையாக நீட்டும் தேர்வை அழுத்த வேண்டும். நான் லேப்டாப்பில் தெரிவதையே சுவரிலும் காட்டும் தேர்வை அழுத்திவிட்டேன். திறந்து வைத்திருந்த இந்த டைரி, எட்டடி அகலத்தில் சுவரில் விழுந்தது. "சார் சொன்னதில் பாதிதான் புரிந்தது. கேட்கக் கூச்சமாக இருந்தது." நேற்று எழுதிய வரி.

"உனக்குப் பாதி புரிஞ்சுதா அஸ்மா? அப்ப நீதான் டாப்பர்" என்றான் அப்ஸல்.

பக்தவத்சலம் சார் சிரிக்கவில்லை. "புரியலன்னா கேளும்மா. நானும் கேட்டுத்தான் கத்துக்கிட்டேன்" என்று சொல்லி, பாடத்தை மறுபடி முதலிலிருந்து நடத்தினார். புளூடூத். ஒரு கருவியை ஒரு தடவை சேர்த்துவிட்டால் அதன் பெயர் பட்டியலில் தங்கிவிடும். பிறகு அந்தக் கருவி பக்கத்தில் வந்தால் தானாகவே இணைந்துகொள்ளும். பக்கத்தில் என்றால் சுமார் பத்து மீட்டர். நடுவில் சுவர் இருந்தால் இன்னும் குறையும். இதை இரண்டு முறை அடிக்கோடிட்டு எழுதிக்கொண்டேன்.

ஆறு நாற்பதுக்கு மின்சாரம் போனது. "லைட் கயா" என்று அப்ஸல் நிதானமாக அறிவித்தான். மழை தகரக் கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது. வீடு பக்கத்தில் இருந்தவர்கள் ஓடிவிட்டார்கள். அப்ஸல், அகிலா, நான், சார்... நான்கு பேரும் என் லேப்டாப் வெளிச்சத்தைச் சுற்றி நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டோம்.

"சார், பத்து மீட்டருக்கு மேல இருந்தா கனெக்ட் ஆகவே ஆகாதா?" அகிலாதான் கேட்டாள்.

"ஆகாதும்மா."

"எங்க மாமாவுக்கு ஆச்சு சார். ஹட் பேல."

அகிலா வகுப்பில் அதிகம் பேசமாட்டாள். இன்று பேசினாள். அவள் சொன்ன வரிசையிலேயே எழுதுகிறேன். எதையும் சேர்க்கவில்லை. விட்டுப்போயிருக்கலாம்.

இந்த மாதம் ஏழாம் தேதி. மாலை ஐந்தேகால். ஹட் பே எங்களுக்குத் தெற்கே, கப்பலில் ஒரு இரவு தள்ளி இருக்கும் தீவு; அங்கே அதற்குள் இருட்டிவிட்டது. அகிலாவின் மாமா முத்துகிருஷ்ணன் ஸ்கூட்டரில் வடக்கே போய்க்கொண்டிருந்தார். கப்பல் துறையிலிருந்து பதினாறாவது கிலோமீட்டர். அங்கே ஊருக்குப் பெயரே அந்தக் கணக்குதான். ரோட்டின் இரண்டு பக்கமும் கைவிட்டுப்போன எண்ணெய்ப் பனைத் தோட்டம். எதிரே ஒரு வண்டிகூட வரவில்லை. முதுகுப் பையில் லேப்டாப், எச்டிஎம்ஐ ஒயர், சின்ன டிவி ஒன்று முன்னால் கால் வைக்கும் இடத்தில்.

அவர் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர். கூடவே இன்னொரு வேலையும் உண்டு. மெயின்லேண்டில் யாராவது இறந்துபோய், கப்பலும் கிடைக்காமல் விமானத்துக்கும் வழியில்லாமல் போனால், தீவில் இருப்பவர்கள் அவரைக் கூப்பிடுவார்கள். லேப்டாப்பை டிவியில் மாட்டி, அங்கே எடுக்கும்வரை வீடியோ காலில் காட்டுவார். எல்லாரும் டிவி முன்னால் உட்கார்ந்து அழுவார்கள். முடிந்ததும் ஒயரைச் சுருட்டிக்கொண்டு வருவார். பழகிப்போன வேலை.

அன்றைக்குக் கூப்பிட்டது மரகதம். தோட்டத்துப் பழைய குவார்ட்டர்ஸில் தனியாக இருப்பவர். பரமக்குடிப் பக்கத்தில் அவருடைய அம்மா வேலாயி காலையில் இறந்துவிட்டார். கடல் கொந்தளிப்பில் நான்கு நாளாகக் கப்பல் இல்லை. ஆறு மணிக்குள் எடுத்துவிடுவார்கள்.

"முகத்தைப் பாக்கறது இருக்கட்டும் தம்பி" என்றாராம் மரகதம், கதவைத் திறந்ததும். "எங்கம்மா காதுல நான் ஒரு வார்த்தை போடணும். அதுக்கு வழி பண்ணு."

காரணம் இருந்தது. வேலாயி இரண்டு வருடம் மகளோடு இதே வீட்டில்தான் இருந்தார். காது கேட்காது. மரகதம் காது மெஷின் வாங்கிக் கொடுத்தார். முத்துகிருஷ்ணன்தான் அதைத் தன் லேப்டாப்பில் சேர்த்துச் சோதித்து, வேலாயி என்று பெயரும் வைத்துக் கொடுத்தார். ஆனால் கிழவி அதை மாட்டிக்கொள்ளவே மாட்டார். மகள் ஒன்றையே பத்துத் தடவை கத்த வேண்டும். ஒருநாள் மரகதம் பொறுமை இழந்து, "இனிமே உங்கிட்ட ஒரு வார்த்தை பேசினா என்னன்னு கேளு" என்று சொல்லிக் கப்பலேற்றி அனுப்பிவிட்டார். அப்புறம் ஏழு மாதம். நிஜமாகவே பேசவில்லை.

முத்துகிருஷ்ணன் செல்போனை ஜன்னலில் வைத்து ஹாட்ஸ்பாட் போட்டார். லேப்டாப் நெட்டில் ஏறியது. ஒயரை டிவியில் மாட்டினார். படம் வந்தது. அங்கே இன்னும் வெயில். பந்தல், நாற்காலிகள், பெஞ்சில் வேலாயி. நெற்றியில் ஒரு ரூபாய் காசு. மரகதத்தின் தம்பி ராக்கப்பன் போனைப் பிடித்திருந்தார்.

ராக்கப்பனின் வாய் அசைந்தது... சத்தம் இல்லை.

ஒயரைக் கழற்றி மாட்டினார். டிவியின் சத்தத்தைக் கூட்டினார். ஒன்றுமில்லை. பறையடிக்கிறார்கள், பெண்கள் மாரில் அடித்துக்கொள்கிறார்கள்... எல்லாம் ஊமையாக. அப்போது திரையின் ஓரத்தில் ராக்கப்பன் டைப் செய்தார்.

'உங்க சத்தம் இங்க வருது. ஆனா தூரத்துல இருந்து.'

மணி ஐந்து முப்பத்தைந்து. மரகதம் காத்திருக்கவில்லை. லேப்டாப்புக்கு முன்னால் குனிந்து பேச ஆரம்பித்துவிட்டார். அங்கே ராக்கப்பன் போனை அம்மாவின் காதருகே கொண்டுபோனார். மரகதம் என்ன பேசினார் என்று மாமா சொல்லவில்லையாம். அதைத் திருப்பிச் சொல்லக் கூடாது என்றாராம்.

'அக்கா வெளிய நின்னுக்கிட்டா பேசறாங்க? கதவுக்கு அந்தப் பக்கம் மாதிரி இருக்கு.'

மரகதம் உள்ளேதான் உட்கார்ந்திருந்தார். கதவு சாத்தித்தான் இருந்தது.

'அலைச் சத்தம் பெருசா கேக்குது.'

வீட்டுக்குள் அலைச் சத்தம் கேட்கவில்லை. கடல் கால் கிலோமீட்டர் தள்ளி.

'யாரோ நடக்கறாங்களா? சருகு மிதிபடுது.'

முத்துகிருஷ்ணன் ஒலி அமைப்புகளைத் திறந்தார். சத்தம் எந்தக் கருவிக்குப் போகிறது, எந்த மைக்கிலிருந்து வருகிறது என்று காட்டும் இடம். இரண்டிலும் ஒரே பெயர். வேலாயி. கனெக்டட். பேட்டரி நூறு.

"பழைய பேரு லிஸ்ட்ல இருந்திருக்கும்" என்று அப்ஸல் குறுக்கே புகுந்தான். "அதுல என்ன இருக்கு?"

"பேர் இருக்கலாம்டா" என்றார் சார். "கனெக்டட்னு வராது."

சாரின் முகத்தை அந்த வெளிச்சத்தில் பார்த்தேன்.

அகிலா தொடர்ந்தாள். மாமா டைப் செய்தார்: 'அம்மாவோட காது மெஷின் எங்க?' ராக்கப்பன் யாரையோ கூப்பிட்டார். ஒரு பெண் உள்ளே போய் வந்தாள். சின்ன டப்பாவைக் கேமரா முன்னால் திறந்து காட்டினார்கள். மெஷின் அதற்குள்தான் இருந்தது. பஞ்சில் வைத்தபடி. ஆஸ்பத்திரிக்குப் போனதிலிருந்து சார்ஜே போடவில்லை என்று டைப் செய்தார் ராக்கப்பன்.

இங்கே, குவார்ட்டர்ஸில், தைல வாசனை வந்தது. கற்பூரத் தைலம், கொஞ்சம் வெற்றிலை. கதவிடுக்கு வழியாக.

'இப்ப நல்லா கேக்குது. ரொம்பப் பக்கத்துல.'

மாமா அம்புக்குறியை அந்தப் பெயர்மேல் கொண்டுபோனார். நீக்கு என்பதை அழுத்தப் போனார். மரகதம் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"எடுக்காத தம்பி. அம்மாவுக்குக் கேக்குதுல்ல?"

"அக்கா, இது சரியில்ல."

"ஏழு மாசம் நான் பேசல. இன்னிக்கு அது கேக்குது." கதவைப் பார்த்துத் திரும்பினார். சாதாரணமாக, வாசலில் நிற்கும் பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிடுவதுபோல, "உள்ள வாம்மா" என்றார்.

கதவு திறக்கவில்லை. வாசனை மட்டும் அறைக்குள் இருந்தது.

டிவியில் வேலாயியைத் தூக்கினார்கள். சத்தமே இல்லாமல் வாசலைத் தாண்டினார்கள். மரகதம் பேசி முடித்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நிறைவாக இருந்தாராம். அறையில் யாரும் பேசவில்லை. அப்போது கடைசியாக ஒன்று வந்தது.

'அக்கா, உங்க பக்கத்துல யாரு அப்படி மூச்சு விடறது?'

மாமா பெயரை நீக்கினார். லேப்டாப்பை மூடினார். பட்டியலில் பெயர் போய்விட்டது. வாசனை போகவில்லை.

இங்கே அகிலா நிறுத்தினாள். மழை கொஞ்சம் குறைந்திருந்தது.

"அவ்வளவுதானா?" என்றான் அப்ஸல். அவன் குரலில் கேலி இல்லை.

"ஆறு நாள் கழிச்சு மாமா பார்க்கப் போனார்" என்றாள். "வாசல்ல நிக்கும்போதே மரகதம் அக்கா பேசறது கேட்டிருக்கு. உள்ள வேற யாரும் இல்ல. வெங்காயம் விலை, மழை, யாருக்குக் கப்பல் டிக்கெட் கிடைச்சுது... நிறுத்தாம பேசிக்கிட்டே இருந்திருக்காங்க. கண்ணு ரெண்டும் உள்ள போயிருச்சு. யார்கிட்டக்கா பேசறீங்கன்னு கேட்டிருக்கார். பேச்சோட பேச்சா அவருக்கும் பதில் சொல்லியிருக்காங்க."

"என்னன்னு?"

"நிறுத்தினா கிட்ட வருது தம்பின்னு. முதல் நாள் வாசல்ல. அப்புறம் அடுப்படில. நேத்து கட்டில் காலுக்கிட்டன்னு."

சார் நாற்காலியில் நகர்ந்து உட்கார்ந்தார். "அவங்க அம்மாதானேம்மா. பயப்பட என்ன இருக்கு?"

"மாமாவும் அதையேதான் கேட்டார் சார்." அகிலா லேப்டாப் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "எங்கம்மாவுக்கு நான் சொன்ன ஒரு வார்த்தை போதும் தம்பி, இதுக்கு எவ்வளவு பேசினாலும் போதலன்னாங்களாம்."

கூரையிலிருந்து சொட்டும் சத்தம் மட்டும்... சொட்டு... சொட்டு. அப்ஸல் தன் நாற்காலியை இன்னும் உள்ளே இழுத்துக்கொண்டான்.

"ஊருக்குள்ள கூட்டிட்டு வந்துட வேண்டியதுதானே" என்று நான் கேட்டேன்.

"வந்தாங்க. எங்க மாமா வீட்டுக்கு. வாசனையும் வந்துச்சு."

ஏழேகாலுக்கு மின்சாரம் வந்தது. கண் கூசியது. சார் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். என் லேப்டாப்பில் சேர்த்திருந்த வகுப்பு ஸ்பீக்கரின் பெயரையும் நீக்கச் சொன்னார். நீக்கினேன்.

கேட்டுக்கு வெளியே அகிலா என்னை நிறுத்தினாள். அப்ஸலும் சாரும் முன்னால் போய்விட்டார்கள்.

"அஸ்மா, நேத்து மரகதம் அக்காவுக்குக் குரல் சுத்தமா போயிருச்சு. காத்துதான் வருது. இப்ப மாமா பக்கத்துல உட்காந்து பழைய பேப்பரெல்லாம் சத்தமா படிச்சுக்கிட்டிருக்கார். ரேடியோவும் வெச்சுப் பாத்தாச்சு."

"கிட்ட வர்றது நிக்குதா?"

"நிக்கல. அக்கா குரல்தான் வேணும் போல."

பிறகு தன் போனைக் காட்டினாள். வேலாயி ஹட் பேக்கு வருவதற்கு முன்னால், காது நன்றாகக் கேட்ட நாளில், மெயின்லேண்டில் இருந்த அம்மாவுக்கு மரகதம் தினமும் வாட்ஸப்பில் பேசி அனுப்பியிருக்கிறார். மழையில் ஹட் பேயில் நெட் போய்விட்டதால், ராக்கப்பன் தன் பழைய போனில் அவற்றைத் தேடி எடுத்து இன்று மதியம் அகிலாவுக்கு அனுப்பினார். இருநூற்றுப் பதினான்கு. சில பத்து நொடி, சில நான்கு நிமிடம். முதலாவதை ஓடவிட்டாள். "அம்மா, சாப்பிட்டியா? இங்க ஒரே மழை..." நல்ல கணீர்க் குரல்.

"தனித்தனியா ஓட்டினா ஒவ்வொண்ணுக்கும் நடுவுல நின்னுடும். நீதான் எதையும் வரிசையா செய்வியே. ஒண்ணா ஒட்டிக் கொடு."

எனக்குத் தெரியுமா என்று தெரியவில்லை. வகுப்பில் அந்தப் பாடம் இன்னும் வரவில்லை. ஆனாலும் சரி என்றேன். ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் என்று அவள் எழுதி வைத்திருந்த தாளை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து ஒரு முறை கணக்குப் போட்டேன். எல்லாம் சேர்த்தால் ஐந்து மணி நேரம் பன்னிரண்டு நிமிடம். முடிந்ததும் தானாக முதலிலிருந்து ஓடும்படி வைக்கலாம் என்று நினைக்கிறேன். கடைசிக்கும் முதலுக்கும் நடுவில் எவ்வளவு நேரம் நிற்கும் என்று தெரியாது. கடிகாரம் வைத்துப் பார்க்க வேண்டும்.

நாளை: வாப்பாவிடம் சொல்லிக் கடைக்கு லீவு போட வேண்டும். காலை எட்டு மணிக்கு அகிலா வருவாள். அவள் போனை லேப்டாப்பில் இணைத்து, இருநூற்றுப் பதினான்கையும் தேதி வரிசையில் ஒரே பதிவாக ஒட்ட வேண்டும். இடையில் ஒரு நொடிகூட மௌனம் இருக்கக் கூடாது. இரவு ஒன்பது மணி ஹட் பே கப்பலில் அகிலாவின் அம்மா பென்டிரைவைக் கொண்டுபோகிறார்.