நாற்பது நாள் ரிங்

டீ நன்றாகத்தான் இருக்கிறது சார். சர்க்கரை மட்டும் கொஞ்சம் தூக்கல். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு எதிலும் இனிப்பு ஒரு பிடி கூட வேண்டும். அதை வாக்குமூலத்தில் எழுதிவிடாதீர்கள். பேர் தேவஇரக்கம், கிருஷ்ணன்கோவில் மெயின் ரோட்டில் டிராக்டர் ஒர்க் ஷாப், ஹைட்ராலிக் வேலை மட்டும் என்று தொடங்குங்கள். பேனாவை இப்படிக் கடித்தால் பரீட்சை எழுதுகிற பையன் மாதிரி இருக்கிறது.

இறந்துபோன சோணைமுத்துவை எனக்கு எட்டு வருஷமாகத் தெரியும். வ. புதுப்பட்டியில் தென்னந்தோப்பு. மரங்களுக்கு இடையில் நுழைந்து உழுவதற்குச் சின்ன டிராக்டர் வைத்திருந்தான். வாய் மட்டும் பெரிய டிராக்டர். ஒர்க் ஷாப் ஸ்டூலில் உட்கார்ந்தால் என் வழுக்கையில் ஆரம்பித்து எதையும் விட்டுவைக்க மாட்டான். "ஏலே இரக்கம், நீ சர்ச்சுல பாடுனா ஆண்டவரே எந்திரிச்சி வெளிய போயிருவாருலே" என்பான். மனைவி போய்ச் சேர்ந்து, மகள் எப்சியும் கோயம்புத்தூருக்குக் கட்டிக்கொண்டு போன பிறகு என்னைக் கேலி பண்ண அவனை விட்டால் ஆளில்லை. அவன் வந்துபோன நாளில் எனக்குச் சோறு இரண்டு கவளம் கூட இறங்கும்.

ஆனால் வேலை சுத்தமாக இருந்தால் வண்டி வராது. வண்டி வராவிட்டால் அவனும் வர மாட்டான். 'சும்மா வந்து பேசிக்கொண்டிரு' என்று ஒரு ஆம்பளை இன்னொரு ஆம்பளையிடம் எப்படிச் சொல்வது? நீங்கள் சொல்வீர்களா?

அதனால் ஒரு சின்னக் காரியம் செய்தேன். டிராக்டருக்குப் பின்னால் மாட்டிய, கத்திகள் சுழன்று மண்ணைக் கிளறுகிற ரோட்டவேட்டரைத் தூக்கி நிறுத்துவது எண்ணெயின் அழுத்தம். அந்த எண்ணெயைக் கசியவிடாமல் பிடித்துக்கொள்வது ஒரு ரப்பர் ரிங். புது ரிங்கை மாட்டும்போது பிளேடால் மயிரளவு ஒரு கீறல் போடுவேன். நாற்பது நாள் தாங்கும். அதற்குப் பிறகு, தூக்கி நிறுத்தியது மெல்ல மெல்லத் தானாக இறங்கும். நாற்பத்தோராம் நாள் சோணைமுத்து ஸ்டூலில் இருப்பான். கூலி வாங்கியதில்லை. ஆறு வருஷத்தில் ஒரு தடவைகூடப் பிசகியதில்லை சார், என் கை அப்படி.

இந்தப் பங்குனியில் வர வேண்டியவன் வரவில்லை. எண்பதாம் நாள்தான் வந்தான். ஆள் கொஞ்சம் வாடியிருந்தான். எங்கே போய்த் தொலைந்தாய் என்று கேட்டேன்.

"ராஜபாளையத்துல புதுசா ஒருத்தன் ஒர்க் ஷாப் போட்டிருக்காம்லே. ஏசி ரூம்பு, காப்பியெல்லாம் குடுக்கான். இங்க வந்தா இந்த ஸ்டூலும் ஒன் மூஞ்சியுந்தான இருக்கு" என்று சிரித்தான்.

நானும் சிரித்தேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அன்றைக்குக் கீறலை ஆழமாகப் போட்டேன். பத்து நாளில் வந்து நிற்பான் என்று நினைத்தேன். ஆழமான கீறல் மெல்ல இறக்காது, ஒரே போக்காகப் போட்டுவிடும். அதை அவனிடம் சொல்லவில்லை.

பதினோராம் நாள் காலையில் சொட்டுநீர்க் குழாய் ரோட்டவேட்டர் கத்தியில் சுற்றிக்கொண்டது. அவன் அதைத் தூக்கி நிறுத்திவிட்டு, உருவி எடுக்க அடியில் படுத்தான். அடியில் படுத்தால் முட்டுக்கட்டை வைக்க வேண்டும். ஒர்க் ஷாப் சுவரில் பெயிண்டில் எழுதியே போட்டிருக்கிறேன். அவன் வைக்கவில்லை. ரோட்டவேட்டர் கிட்டத்தட்ட முந்நூறு கிலோ.

துஷ்டி கேட்கப் போனேன். ராஜபாளையம் போய் வந்ததைப் பற்றி அவன் மனைவி குருவம்மாளிடம் பேச்சோடு பேச்சாகக் கேட்டேன்.

"ராஜபாளையமா? மஞ்சக்காமால வந்து ரெண்டு மாசம் கட்டில விட்டு எந்திரிக்கலண்ணே அவிய. ஒங்களச் சீண்டுறதுக்குச் சொல்லிருப்பாவ" என்றாள். "நீங்க ரிங்குல என்னமோ பண்ணுதீயன்னு அவியளுக்குத் தெரியும். வான்னு கூப்பிடத் தெரியல அந்த மனுசனுக்குன்னு சொல்லிச் சிரிப்பாவ."

நீங்கள் கேட்கப்போவது புரிகிறது. ஆமாம், அந்த எண்பதாம் நாள் நான் வண்டியைப் பிரித்தபோது உள்ளே இருந்தது நான் கீறிய பழைய ரிங்தான். வேறு கை பட்டிருந்தால் அது அங்கே இருந்திருக்காது. ஏசி ரூம்பில் வேலை தெரியாதவன் இருப்பான் என்று நினைத்துக்கொண்டேன்.

அவன் கட்டை வைக்க மாட்டான் என்று எனக்குத் தெரியாது என எழுதியிருந்தால் அடித்துவிடுங்கள் சார். தெரியும். அன்றைக்கு அவனே சொன்னான். "நாப்பது நாளைக்குக் கட்டையே வைக்கது கெடையாதுலே, ஒன் கைய நம்பித்தான் கீழ படுக்கேன்" என்றான். அப்போது ரிங் இடது கையில் இருந்தது, பிளேடு வலது கையில். அவன் சொல்லி முடித்த பிறகுதான் இழுத்தேன். சீக்கிரம் வரட்டும் என்றுதான்.