திண்டிவனம் பஸ்ஸில் ஒரு பம்பர்

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகும் பஸ்ஸில் நிற்கவே இடமில்லை. சீட்டுகளுக்கு நடுவே ஒரு பிக்கப் வண்டியின் முன்பக்க பம்பரை, இழுவைக் கொக்கியோடு கிடத்தியிருந்தார்கள். ஏறுகிறவன் இறங்குகிறவன் காலெல்லாம் அதில் இடித்தது. அறிவு வேண்டாமா? கொண்டுவந்தவர்கள் ஒரு மாமனும் மச்சானும்.

“டிராக்டர்ல கட்டி இழுத்தா பம்பர் மட்டும் தனியா வருது மாமா. வண்டி சேத்துலியே நிக்குது!”

“சிரிக்காதடா. இந்தக் கொக்கிய நானே வூட்ல மாட்டினேன். ஒரு போல்ட்டாவது கழண்டுச்சா பாரு.”

“அடியில இருக்குற சேஸ் சட்டத்துல மாட்டணும் மாமா. தகர பம்பர்லயா மாட்டுவாங்க?”

“அடியில மாட்டினா எவன் கண்ணுக்குத் தெரியும்? உங்கக்கா அதுக்குப் பொட்டு வைக்க வாணாமா?”

“வண்டி நெறைய தர்பூசணி. சாயங்காலத்துக்குள்ள வியாபாரி பூட்டான்னா அவ்ளோவும் அழுவிப் போவும்.”

“அதுக்குத்தான்டா வெல்டிங்குக்குப் போறேன். ஜல்தியா ஒட்டிக்கினு வந்து இழுத்துடலாம்.”

விக்கிரவாண்டி தாண்டியதும் மாமனின் மனைவி போன் செய்தார். ஸ்பீக்கரில் பஸ்ஸுக்கே கேட்டது.

“இன்னாங்க, வண்டிய மேல ஏத்தியாச்சு. டிராக்டர்காரரே லோடு எடுத்துக்கினு கெளம்பிட்டாரு.”

“கொக்கி எங்கிட்ட இருக்குது! கயித்த எதுல கட்டுனீங்க?”

“உங்க பம்பர் போனப்புறம்தான் தெரிஞ்சுது. கம்பெனிக்காரன் போட்ட கொக்கி சேஸ்லியே இருக்குது.”

பஸ்ஸே சிரித்தது. மச்சான் கம்பியைப் பிடித்துக்கொண்டு குலுங்கினான்.

“அப்போ இந்தக் கொக்கியக் கழட்டிடலாமா மாமா?”

“எதுக்குடா? பார்வைக்கு நல்லாத்தான இருக்குது.”