ரெத்தினதாஸ் வீட்டுத் தூணும் அலுமினிய டிரெய்லரும்

எபின், வயது 27, தகப்பன் பெயர் ஞானசிகாமணி, குளத்தூர் பஞ்சாயத்து, கல்லுவிளை வீடு. மெக்கானிக்கல் டிப்ளமா முடித்து பாறசாலையில் ஒரு வெல்டிங் பட்டறையில் வேலை பார்க்கிறேன். மார்த்தாண்டத்தில் தமிழில் படித்தவன் ஆதலால், இது கேரள ஸ்டேஷன் ஆனாலும், தமிழில் சொல்கிறேன். ஹெட் கான்ஸ்டபிள் தாணுமாலயன் எழுதிக்கொள்கிறார்.

போன சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, காயலில் வள்ளம் இறக்கும் கடவுக்குப் போகும் வழியில், ரெத்தினதாஸ் என்பவரின் கேட் தூணில் டிரெய்லர் மோதித் தூண் விழுந்தது. ஜீப்பை ஓட்டியது என் மனைவி லிஜா. டிரெய்லரைச் செய்தவன் நான். வழி சொன்னவனும் நான்.

என் கூட்டுக்காரன் சிஜுவுக்குக் காயலில் ஓட்டும் ஃபைபர் வள்ளம் ஒன்று உண்டு. அதை ஏற்றி இறக்கும் இரும்பு டிரெய்லர் உப்புவெள்ளம் பட்டு இரண்டு வருடத்தில் பொடிந்துபோனதால், அலுமினியத்தில் ஒன்று செய்து தருவதாக நான் சொன்னேன். அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வேலை செய்து மூன்று மாதத்தில் முடித்தேன். வெல்டு வைத்த இடத்தில் அலுமினியம் பலம் குறையும் என்பதால் முக்கியமான மூட்டுகளை எல்லாம் ஸ்டெயின்லெஸ் போல்ட்டில் முடுக்கினேன். இரும்பு ஆக்சிலும் அலுமினியமும் ஒட்டினால் அரிக்கும் என்பதால் நடுவில் ரப்பர் வைத்தேன். வள்ளத்தின் அடி உரசாதிருக்க, கல்யாணத்துக்குக் கிடைத்த கம்பளத்தை லிஜாவே வெட்டி, வள்ளம் உட்காரும் கட்டைகளில் ஒட்டினாள். டிரெய்லரின் முன்பாரம் பார்க்க எடை மெஷின் வாங்கிவந்தபோது, மெஷின் சரிதானா என்று அவள் முதலில் ஏறிப் பார்த்தாள். சரி என்றாள். எத்தனை கிலோ என்று சொல்லவில்லை.

லிஜாவுக்கு ஹெவி லைசென்ஸ் உண்டு. எங்கள் இரண்டு பேரில் நன்றாக ஓட்டுவது அவள். அரசு டிரைவர் வேலைக்கு பி.எஸ்.சி. பட்டியலில் அவள் பெயர் வந்திருக்கிறது, போலீஸ் விசாரணை அடுத்த வாரம் இதே ஸ்டேஷனுக்கு வருகிறது. அவள் பெயரில் கேஸ் எழுதினால் அந்த வேலை போகும். இதைச் சொல்லத்தான் நான் கூப்பிடாமலே வந்தேன்.

சனிக்கிழமை வள்ளத்தை ஏற்றி முதல் ஓட்டம் பார்த்தோம். சிஜு கீழே கடவில் கயிற்றோடு நின்றான். வழி குறுகல் என்பதால் பின்னோக்கித்தான் இறக்க வேண்டும். ரிவர்சில் ஸ்டியரிங் ஒரு பக்கம் ஒடித்தால் டிரெய்லரின் வால் மறுபக்கம் போகும். அதனால் நான் சொல்வது ஸ்டியரிங்குக்கு, டிரெய்லருக்கு அல்ல என்று முன்னமே அவளிடம் மூன்று தடவை சொன்னேன். நாலாவது தடவை சொன்னபோது, தனக்குக் காது உண்டு என்றாள்.

அதன் பிறகு அவள் ஆள் நடக்கிற வேகத்தில்தான் ஜீப்பை எடுத்தாள். வேகமாக வந்தாள் என்று ரெத்தினதாஸ் எழுதிக் கொடுத்திருப்பது பொய். வழி சொல்கிறவன் பின்னால் நிற்க வேண்டும். நான் ஜீப்புக்கு முன்னால், அவளுக்கு எதிராக வந்து நின்றேன். ஏன் என்று தாணுமாலயன் கேட்பதால் சொல்கிறேன். ரிவர்ஸ் எடுக்கும்போது லிஜா நாக்கு நுனியைக் கடித்துக்கொள்வாள். அதைப் பார்க்கத்தான் முன்னால் வந்தேன். வேறு காரணம் இல்லை.

டிரெய்லரின் வால் தூண் பக்கம் சாய்வதைக் கண்டு, "வலத்தோட்டு ஒடி மக்கா" என்றேன். எதிரே நின்றதால் நான் சொன்னது என் வலது, அவளுக்கு அது இடது. அவள் சொன்னபடி தன் வலதுக்கு ஒடித்தாள். தூண் விழுந்தது.

அவள் ஹேண்ட்பிரேக் போட்டு, தலையை வெளியே நீட்டி, "எலே, ஆருக்க வலது?" என்று கேட்டாள். 

அதன் பிறகு ரெத்தினதாஸ் வெளியே வந்து, "பொம்பளைக்க கையில வண்டிய குடுத்தா இப்படியாக்கும்" என்றார். அப்போதே தப்பு என்னுடையது என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக விழுந்த தூணைப் பார்த்து, உள்ளே கம்பியே போடவில்லையே, டிரெய்லரில் மட்கார்டு மட்டும்தான் வளைந்திருக்கிறது என்று சொன்னேன். அவர் ஸ்டேஷனுக்குப் புறப்பட்டது அதைக் கேட்டுத்தான். அவர் மனைவி சத்தியபாய் லிஜாவுக்குக் குடிக்க வெள்ளம் கொண்டுவந்து தந்தார். எனக்குத் தரவில்லை.

டிரெய்லருக்குப் பதிவு எடுக்கவில்லை. முதலில் ஓடுகிறதா என்று பார்க்கலாம் என்று அவசரப்பட்டேன். அதற்கான கேசை என் பெயரில் எழுதலாம். டிரெய்லரை ஸ்டேஷன் முற்றத்தில் விட்டிருக்கிறேன், எடுத்துக்கொள்ளலாம். தூணை நானே கட்டிக் கொடுப்பேன், கம்பி போட்டு.

லிஜா வெளியே பெஞ்சில் இருக்கிறாள். நான் இங்கே என்ன சொல்கிறேன் என்று அவளுக்குத் தெரியாது. நாக்கு விஷயம் எழுதியதை அவளுக்கு வாசித்துக் காட்ட வேண்டாம்.

நான் சொன்னதைத் தாணுமாலயன் எழுதி எனக்கு வாசித்துக் காட்டினார். வலது என்று மட்டும் எழுதியிருந்த இடத்தில் என் வலது என்று திருத்தச் சொன்னேன், திருத்தினார். மற்றதெல்லாம் நடந்தது நடந்தபடி இருக்கிறது என்று கண்டு கையெழுத்து வைக்கிறேன்.

(ஒப்பம்)
எபின்